கடலுக்கடியில் ஒரு பாட்டில் பினாயில்

கோமதிநாயகம் கறுப்பு பினாயிலை நல்லெண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கடலுக்கடியில் கொண்டுவந்திருந்தார். ப்ளீச்சிங் பவுடர் இடியாப்ப மாவுப் பொட்டலத்தில் வந்தது. இரண்டும் அவருடைய கட்டிலுக்கடியில் பத்திரமாக இருந்தன. அவரைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. யார் எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்ற விதிகளை எழுதியவரே அவர்தான். முத்துக்கூட்டின் மேலாளர்.

முத்துக்கூடு தூத்துக்குடிக் கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரத் தொலைவில், மன்னார் வளைகுடாவின் தரையில் உட்கார்ந்திருந்தது. மூன்று பெரிய உருண்டைகள். அவற்றைக் கோத்தபடி ஒரு நீளமான நடை. மேலே கடல்மட்டத்தில் ஒரு மேடை. மேடைக்கும் வீட்டுக்கும் நடுவே, ஒரே ஒரு மின்தூக்கி ஏறி இறங்கும் குழாய். உள்ளே இருபத்திரண்டு பேர். வெளியே பவளப்பாறைகள் செத்துப்போன இடங்களில் புதுப் பவளக் கன்றுகளை நட்டு வளர்ப்பது அவர்கள் வேலை.

பவளம் லேசில் நோகும் உயிர். ஆகவே வீடு கட்ட அனுமதி தந்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: வீட்டிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கடலில் விழக் கூடாது. கேட்பதற்குச் சின்ன நிபந்தனை. ஆனால் அதை நிறைவேற்ற வேண்டுமானால் குளித்த தண்ணீர், கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே சுத்தம் செய்து மறுபடி குடிக்க வேண்டும். காற்றும் அப்படித்தான். புயல் காலத்தில் மேலேயிருந்து எதுவும் வராது என்று வைத்தே கட்டியிருந்தார்கள். இன்றைக்குக் கை கழுவிய தண்ணீர் நாளை மறுநாள் காப்பியாகும். இன்றைக்கு விட்ட மூச்சு சாயங்காலத்துக்குள் சுற்றி வந்து, பக்கத்து அறைக்காரரின் மூச்சாகும்.

இந்தச் சுற்றைப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா மச்சாடோ. அவள் பொறுப்பில் இரண்டு தொட்டிகள் இருந்தன. முதல் தொட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், பிளாஸ்டிக் வளையங்களில் பழுப்பு வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு, கழிவில் இருக்கும் அமோனியாவைத் தின்று உரமாக மாற்றின. அந்த உரம் இரண்டாவது தொட்டிக்குப் போனது. அங்கே பச்சைப் பாசி அதைத் தின்று ஆக்சிஜன் விட்டது. பாக்டீரியா செத்தால் பாசி பட்டினி. பாசி பட்டினி கிடந்தால் இருபத்திரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டியதுதான். பழுப்புப் பாக்டீரியாக்களுக்கு அவள் வைத்திருந்த பெயர் "எம்பிள்ளைக". காலையில் தொட்டி மூடியைத் திறந்து, "என்ன பிள்ளைகளா, சாப்ட்டீயளா?" என்று கேட்பது வழக்கம்.

அவளுடைய சொந்தப் பிள்ளை கரையில் இருந்தாள். ஐரினுக்கு ஏழு வயது. அப்பா டென்சில் சரக்குக் கப்பலில் போய்விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் வீடு. அதனால் அத்தை வீட்டில் வளர்ந்தாள். அவளுக்கு இளைப்பு இருந்தது, அதுவும் திங்கட்கிழமைகளில் தவறாமல் வந்தது. பள்ளிக்கூடம் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பறைகளைக் காட்டமான மருந்து போட்டுக் கழுவி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறார்கள் என்பதை ஜெசிந்தா கண்டுபிடித்தபோது அவள் கடலுக்கடியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் பேசினாள். மருந்தை மாற்றுவதாகச் சொன்னார்கள். வேறு வாசனையில் மாற்றினார்கள்.

முத்துக்கூட்டில் இதுவரை குடும்பங்களுக்கு இடமில்லை. இப்போதுதான், பார்வைக் குழு ஒன்று வந்து பார்த்துச் சம்மதித்தால், ஊழியர்களின் பிள்ளைகள் இங்கேயே வந்து இருக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். முதல் பெயர் ஐரின்.

"அம்மா, அங்க என்ன வாசனை வரும்?" என்று போனில் கேட்டாள் ஐரின்.

"ஒண்ணுமே மணக்காது கண்ணு."

"அப்ப அங்க திங்கக்கெழமையும் மூச்சு வருமா?"

"எல்லாக் கெழமையும் வரும்" என்றாள் ஜெசிந்தா.

அந்த ஒண்ணுமே மணக்காததுதான் கோமதிநாயகத்துக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இந்த வேலைக்கு வருமுன் அவர் ஒரு நகராட்சியில் சுகாதாரப் பிரிவில் இருந்தவர். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் தெருவின் இரண்டு ஓரத்திலும் ப்ளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவது அங்கே எழுதப்படாத சட்டம். கோடு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு மரியாதை. குழு வருவதற்கு முந்தின நாள் அவர் நடை முழுவதும் மூக்கை உயர்த்திக்கொண்டு நடந்தார். ஒரு வாசனையும் இல்லை. சுத்தம் செய்தது வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

குழுவை அழைத்துவர ஜெசிந்தா காலையில் மேடைக்கு ஏறிப் போனாள். மின்தூக்கிக் கதவு மூடியதும் கோமதிநாயகம் கட்டிலுக்கடியில் கை விட்டார்.

* * *

மின்தூக்கி இறங்கிக் கதவு திறந்ததும் ஜெசிந்தாவின் மூக்கில் முதலில் அறைந்தது பினாயில். அடுத்து கண்ணில் பட்டவை இரண்டு வெள்ளைக் கோடுகள். கதவடியிலிருந்து சாப்பாட்டு அறை வரை, ரயில் தண்டவாளம் போல.

அவளுக்குப் பின்னால் வந்த குழுத் தலைவி மீனலோசனி, ஓய்வுபெற்ற உயரதிகாரி, நின்று நிதானமாக மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"அப்பாடா! மூடின இடமாச்சே, முடை நாத்தம் அடிக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்" என்றார் கோமதிநாயகம், கையைக் கட்டிக்கொண்டு.

குழுவின் இன்னொரு உறுப்பினர் பேராசிரியர் அழகேசன். கோயம்புத்தூர்க்காரர். கோடுகளை மெச்சிப் பார்த்தார். "கலெக்டர் ஆபீஸ்ல கூட இத்தன நேரா போடமாட்டாங்க. கயிறு கட்டிப் போட்டீங்களாட்ட இருக்குது."

"வெறுங்கைதான் சார். பழக்கம்."

ஜெசிந்தா வாய் திறக்குமுன் சுவரோரத்தில் ஒரு சின்னக் கதவு மேலேறியது. நண்டு வெளியே வந்தது.

நண்டு என்றால் சுத்தம் செய்யும் இயந்திரம். சாப்பாட்டுத் தட்டு அளவு, ஆறு கால், பக்கவாட்டில் நடை. அதற்கு உலகத்தில் இரண்டே பொருள்கள்தான் தெரியும்: தரை, தரை அல்லாதது. தரை அல்லாததைக் கண்டால் சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளிக்கும், பத்து நிமிடம் பொறுமையாக நிற்கும், பிறகு துடைக்கும். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம்தான் அது. கிருமியைக் கொல்லும், தொட்டிக்குள் போனால் எம்பிள்ளைக அதையும் தின்றுவிடும். வெள்ளைக் கோட்டைப் பார்த்த நண்டு குதூகலமாக ஓடிவந்து முதல் தெளிப்பைத் தெளித்தது.

ஜெசிந்தா பாய்ந்தாள். காலால் ஒரு எத்து. நண்டு மல்லாக்க விழுந்து ஆறு காலையும் உதைத்தது. ஆனாலும் நனைந்த ஒரு சாண் கோட்டிலிருந்து மூக்கைக் கிள்ளும் காரநெடி கிளம்பிவிட்டது. அழகேசன் இரண்டு தடவை இருமினார். ஜெசிந்தா சுவரிலிருந்த விசையைத் திருகி நடையின் காற்றைக் கரி வடிகட்டிக்குத் திருப்பினாள். காற்று ஹோ என்று இரைந்து ஓடியது. நெடி தணிந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் மீனலோசனி.

"அது அப்படித்தான் மேடம்" என்றார் கோமதிநாயகம். "விருந்தாளியக் கண்டா குஷியாயிரும்."

குழுவைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, சுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நடைக்கு வந்தாள் ஜெசிந்தா. குரலைத் தாழ்த்தினாள். கோபம் தாழவில்லை.

"அண்ணாச்சி, என்ன காரியம் செஞ்சு வெச்சிருக்கீய?"

"ஏன் பிள்ள, அந்தம்மாவே சந்தோசப்படுதாவல்லா?"

"ப்ளீச்சிங் பவுடர்ல அமிலம் பட்டா குளோரின் வாயு வரும். ஊர்ல திறந்த தெருவில காத்தோட போயிரும். இங்க எங்க போவும்? நண்டு அந்தக் கோடு முழுசும் நனைச்சிருந்தா இந்நேரம் நாம எல்லாரும் மூச்சு முட்டி மேடைக்கு ஓடிட்டிருப்போம்."

கோமதிநாயகம் மல்லாந்து கிடந்த நண்டைப் பார்த்தார். முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. உலர்ந்த துடைப்பத்தால் இருவரும் கோட்டைக் கூட்டி, ஒரு தகர டப்பாவில் போட்டு இறுக மூடினார்கள். பொட்டலத்தில் மிச்சமிருந்ததையும் ஜெசிந்தா வாங்கினாள். அதன்மேல் இருந்த பெயரைப் படித்தாள்.

"இடியாப்ப மாவா? நல்லவேளை, சமையக்கட்டு ஆளு கண்ணுல படல."

"படாம கட்டிலுக்கடியில வெச்சிருந்தேம்லா."

"சரி, பினாயில்? தொடச்ச தண்ணிய எங்க ஊத்துனீய?"

"சிங்க்லதான்."

"எத்தன வாளி?"

"மூணு."

"பினாயில் எவ்வளவு?"

"பாட்டில் முழுசும். மிச்சம் வெச்சு என்ன செய்ய?"

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். சிங்க்கில் ஊற்றியது நேராகத் தொட்டிக்குப் போகாது. முதலில், கழிப்பறைத் தண்ணீரைப் போலவே, நடைக்கு அடியில் இருக்கும் சம்ப் என்ற கழிவுநீர்க் குழியில் சேரும். சம்ப் நிறைந்ததும் மோட்டார் தானாக ஓடி, மொத்தத்தையும் பாக்டீரியாத் தொட்டிக்குத் தள்ளும். சம்ப் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைச் சுவரில் ஐந்து விளக்குகள் காட்டும். நான்கு எரிந்துகொண்டிருந்தன.

"கிருமியக் கொல்லத்தான் பினாயில். அதுக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பாக்கத் தெரியாது அண்ணாச்சி. எம்பிள்ளைக வளர ரொம்ப நாள் எடுக்கும். இப்ப செத்தா, மறுபடி வளர்த்தெடுக்கதுக்குள்ள பாசியும் போயிரும்."

"சம்ப்ப அடைக்க அந்தச் செவப்புப் பிடிய விட்டா வேற வழி இல்லியா?"

அது மட்டும்தான் வழி. நடையின் கடைசியில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், சிவப்புப் பிடி. அதை இழுத்தால் சம்ப்புக்கும் தொட்டிக்கும் நடுவே அடைப்பு விழும். கூடவே அபாய மணி அடிக்கும், எல்லாக் குழாய்களும் நிற்கும், மேடைக்குத் தானாகச் செய்தி போகும். தொட்டிக்கு ஆபத்து என்று ஒரு செய்தி போய்விட்டால் குடும்ப அனுமதி ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த விதியும் கோமதிநாயகம் எழுதியதுதான்.

"ஏ தாயி, அதுல கை வெச்சிராத" என்றார் அவர். "உனக்காகத்தான் சொல்லுதேன். வந்தவ்வொ ஒரு மணி நேரத்துல கெளம்பிருவாவ. அதுவர ஒரு பய குழாயத் திறக்காம நான் பாத்துக்கிடுதேன். சமையக்கட்டுல சொல்லிருதேன், குளியலறைய பூட்டிருதேன். அவ்வொ மேல போன மறுநிமிசம் மணியடி, சங்க ஊது, என்னமும் செய்யி. தப்பு என்னோடதுன்னு நானே எழுதிக் குடுக்கேன். சின்னப்பிள்ள வந்து சேரட்டும்."

ஜெசிந்தா விளக்குகளைப் பார்த்தாள். நான்கு. யாரும் தண்ணீர் திறக்காவிட்டால் நான்கு நான்காகவே இருக்கும். ஒரு மணி நேரம்தான்.

தலையசைத்தாள்.

கோமதிநாயகம் அறை அறையாக ஓடினார். மறுபக்கம் ஜெசிந்தா குழுவுக்குப் பவளக் கன்றுகளின் நாற்றங்காலைக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். பாசித் தொட்டியைக் காட்டினாள். மீனலோசனி நிறையக் கேட்டார், கேட்டபடியே அடிக்கடி கைப்பைக்குள் கை விட்டார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, அழகேசன் பக்கத்தில் வந்து மெதுவாகத் தொண்டையைக் கனைக்கும் வரை.

"ஏனுங்கம்மணி, பாத்ரூம் எந்தப் பக்கமுங்க?"

"கொஞ்ச நேரம் பொறுக்க முடியுமா சார்? இதோ, அடுத்தது ரொம்ப முக்கியமான..."

"துறைமுகத்துல ரெண்டு இளநி குடிச்சனுங்க. உங்க சுக்குக் காப்பி ரெண்டு டம்ளர். இனி பொறுத்தா மரியாத இல்லீங்க."

கோமதிநாயகம் குறுக்கே வந்து, "சார், அந்தப் பக்கம் ஒரு மீனு..." என்றார். அழகேசன் மீனுக்கு நிற்கவில்லை. நடையில் விரைந்தார். கழிப்பறைக் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஜெசிந்தா பின்னாலேயே ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்றாள். இடது கைப்பக்கம் ஐந்து விளக்குகள். வலது கைப்பக்கம் சிவப்புப் பிடி. உள்ளே அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் தண்ணீர் ஊற்றுவார். ஒருவேளை அந்தத் தண்ணீரில் சம்ப் நிறையாமல் போகலாம். ஒருவேளை அடுத்த ஆள் போகும்போது நிறையலாம். ஒருவேளை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

திங்கட்கிழமையும் மூச்சு வருமா என்று கேட்டாள் ஐரின். வரும் என்று சொல்லியிருந்தாள். எந்தக் காற்றை நம்பிச் சொன்னாளோ, அந்தக் காற்று ஒரு விளக்குத் தூரத்தில் இருந்தது. தொட்டியைச் சாகவிட்டு மகளை அழைத்தால், எதற்குள் அழைப்பது?

உள்ளே பாட்டு நின்றது.

அவள் பிடியை இழுத்தாள்.

மணி கணகணவென்று அடித்தது. நடை முழுவதும் சிவப்பு. குழாய்கள் ஒரு விக்கலோடு நின்றன. கதவுக்கு உள்ளிருந்து பதறின குரல் வந்தது: "ஏனுங்க! தண்ணி வருலீங்க! ஏனுங்க!"

* * *

மணியை நிறுத்தி, அழகேசனுக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கதவிடுக்கில் கொடுத்து, அதை ஊற்றாமல் மிச்சம் வைக்க முடியுமா என்று கேட்டு, அவர் கோபித்துக்கொண்டு, கடைசியில் எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது மீனலோசனியின் முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை. மணி அடித்துவிட்டால், உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, காற்று அளவுகள் பச்சைக்குத் திரும்பும்வரை மின்தூக்கி நகராது. நகராத மின்தூக்கிக்குள் யாரும் கோபித்துக்கொண்டு ஏறவும் முடியாது.

"யாராவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

"தப்பு என்னோடது மேடம்" என்று எழுந்தார் கோமதிநாயகம். நல்லெண்ணெய் பாட்டில், இடியாப்ப மாவு, வெள்ளைக் கோடு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். "இந்தப் பிள்ள மகளுக்குத்தான் முதல் இடம். நான் தடுத்தேன், கேக்கல. பிடிய இழுத்துட்டா."

மீனலோசனி ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "பினாயில்தானே? ஊர்ல எல்லா வீட்லயும் ஊத்தறாங்க. உங்க தொட்டி அவ்ளோ தாங்காதா?"

இந்தக் கேள்வி வந்ததும் ஜெசிந்தாவுக்குள் இருந்த அழுகை சற்றே ஒதுங்கி வழிவிட்டது. இதை விளக்குவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"கிருமியக் கொல்றது பெரிய காரியமில்ல மேடம். வெந்நீர் கொல்லும், நெருப்பு கொல்லும், விஷம் கொல்லும். கொன்னு முடிச்ச பிறகு அந்த மருந்து எங்க போகுதுங்கறதுதான் கேள்வி. பினாயில் போகாது. தரையில இருக்கும், காத்துல இருக்கும், தண்ணியில இருக்கும். நாங்க சமையக்கட்டுப் பலகைக்கும் கதவுப் பிடிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வெச்சிருக்கோம். அது வேலைய முடிச்சதும் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சிரும். மிச்சம் ஒண்ணுமில்ல."

"அப்ப தரைக்கு?"

"வெறும் சோப்புத் தண்ணி. ஏதாவது சிந்திக் கெடந்தா மட்டும் நண்டு அந்த எலுமிச்சை அமிலத்தத் தெளிக்கும். தரைய யாரும் நக்கப்போறதில்லல்லா? எல்லா இடத்துலயும் மருந்து அடிக்கணும்னு கிடையாது. கை படுற இடம், சாப்பாடு படுற இடம், நோவு வந்தவங்க இருந்த இடம், அங்க மட்டும் போதும். அதுவும் முதல்ல அழுக்கக் கழுவிட்டுத்தான். அழுக்குக்கு மேல மருந்து அடிச்சா அழுக்குதான் மருந்தக் குடிக்கும். அடிச்சதுக்கப்புறம் பத்து நிமிசம் ஈரமாவே இருக்கணும்."

"எங்கூட்ல அடிச்ச கையோட தொடச்சுருவாங்களே" என்றார் அழகேசன். கோபம் ஆறியிருந்தது.

"அப்ப கிருமி குளிச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கும் சார்."

அழகேசன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, "எங்கூரு ஆத்துலயும் இதே கதைதானுங்க. என்ன, ஊத்துனது நம்ம டம்ளருக்குத் திரும்பி வர கொஞ்சம் நாளாவும். இங்க ரெண்டே நாள்" என்றார்.

கோமதிநாயகம் மெல்ல, "ஆனா ஒண்ணுமே மணக்கலன்னா சுத்தம்னு எப்படித் தாயி நம்புறது?" என்றார். அவர் வாதாடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மணக்குது பாத்தீயளா, அது சுத்தத்தோட வாசனை இல்ல அண்ணாச்சி. மருந்து இன்னும் போகலன்னு அர்த்தம்."

சுவரில் காற்று அளவுகள் ஓடிக்கொண்டிருந்தன. குளோரின் எண் விழுந்து பச்சையாகிவிட்டது. பினாயில் ஆவியைக் கரி வடிகட்டி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியது. ஆனால் மூன்றாவது எண் ஒன்று, ஆல்கஹால் வகைகளுக்கானது, இறங்காமல் படி ஏறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணாச்சி, வேற ஏதாவது கொண்டுவந்தீயளா? உண்மையச் சொல்லுங்க."

"எம்மா சத்தியமா இல்ல. அவ்வளவுதான்."

எண் மறுபடி ஒரு படி ஏறியது. அதே நேரத்தில் மேசையின் மறுபக்கம் "புஸ்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள்.

மீனலோசனியின் உள்ளங்கையில் லாவெண்டர் வாசனை போட்ட, கைக்கு அடிக்கும் கிருமிநாசினிப் பாட்டில் ஒன்று இருந்தது. அவர் அப்போதுதான் மேசை விளிம்பில் அடித்திருந்தார்.

"இது... சும்மா" என்றார். "பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் தொடற இடத்துல எல்லாம்..." எண்ணைப் பார்த்தார். "இதுவா?"

"காத்துல இருக்க ஆல்கஹால் ஈரத்தோட சேர்ந்து குடிதண்ணிக்கு வந்துரும் மேடம்" என்றாள் ஜெசிந்தா. "அத பிரிச்செடுக்கறது இங்க பெரிய பாடு."

"காலையிலேர்ந்து எத்தனை தடவை அடிச்சிருப்பேன்?"

"அந்த எண்ணு பன்னெண்டு படி ஏறியிருக்கு."

மீனலோசனி பாட்டிலை மூடினார். கோமதிநாயகம் ஓசைப்படாமல் அந்தத் தகர டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் பாட்டிலை அதற்குள் வைக்கப் போனார்.

"ஐயோ, அதுல வேண்டாம்!" என்று ஜெசிந்தா கத்தினாள். "ப்ளீச்சிங் பவுடரோட எதையும் சேக்கக் கூடாது."

அதற்கு வேறு டப்பா வந்தது.

* * *

சாயங்காலம் எண்கள் எல்லாம் பச்சையாயின. பினாயில் தண்ணீரைச் சம்ப்பிலிருந்து பீப்பாய்களில் இறைத்து மின்தூக்கியில் ஏற்றினார்கள். இறைக்கும் வேலையில் அழகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடநின்றார். அதற்குள் அவருக்கும் நண்டுக்கும் நல்ல நட்பு ஏற்பட்டிருந்தது.

கிளம்புமுன் மீனலோசனி பாக்டீரியாத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். ஜெசிந்தா மூடியைத் திறந்தாள். பழுப்பு வளையங்கள் குமிழிகளுக்கு நடுவே சோம்பேறித்தனமாகச் சுற்றின. மழை பெய்த மண்ணின் மணம் லேசாக வந்தது.

"விதிப்படி ஒரு வருஷம் தள்ளணும்" என்றார் மீனலோசனி.

"தெரியும் மேடம்."

"அந்த விதிய இன்னிக்கு உக்காந்து முழுசாப் படிச்சேன். தொட்டிக்கு ஆபத்துன்னு செய்தி போனா, அனுமதிய ஒரு வருஷம் தள்ளலாம், இல்லைன்னா குழு நேர்ல பார்த்து முடிவு பண்ணலாம்னு இருக்கு. நான் நேர்லதான் பார்த்தேன்." அவர் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இங்க வரும்போது ஒரே ஒரு சந்தேகத்தோடதான் வந்தேன். குடும்பம்னு வந்தா மாமியார் வருவாங்க, நாத்தனார் வருவாங்க, யாராவது ஒருத்தர் எதையாவது ஊத்துவாங்க. அப்ப என்ன ஆகும்? உங்க ஆளுங்க அனுப்பின அறிக்கை எல்லாத்துலயும் 'அப்படி நடக்க வாய்ப்பில்லை'ன்னுதான் பதில். இன்னிக்கு ரெண்டு பேர் ஊத்திட்டோம். அதுல ஒருத்தி நான்."

ஜெசிந்தா தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"யாருக்கு ரொம்ப நஷ்டமோ அவங்களே மணியடிச்சாங்க. தொட்டி உயிரோட இருக்கு. இதுக்கு மேல என்ன சோதனை வெக்கறது?"

மூடியை அவரே மூடினார். மூடியவுடன் பழக்க தோஷத்தில் கை பைக்குள் போனது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"ஒரு நிபந்தனை மட்டும்" என்றார் கோமதிநாயகத்திடம். "இனிமே மேல வந்து எறங்கற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கணும். நீங்கதான். ஒளிச்சு வைக்கிற இடமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

* * *

அடுத்த மாதம் ஐரின் வந்தாள். மேடையில் கோமதிநாயகம் அவள் பெட்டியைத் திறந்து, அத்தை அன்போடு அனுப்பிய வாசனைத் தரைமருந்து, அறைக்குத் தெளிக்கும் மல்லிகை ஸ்ப்ரே, பூச்சி உருண்டை ஒரு பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று இருந்தது. அதைத் திறந்து மூன்று தடவை முகர்ந்தார். ஒரு சொட்டை நாக்கிலும் வைத்துப் பார்த்தார். நல்லெண்ணெய்தான்.

மின்தூக்கிக் கதவு கீழே திறந்தது. ஜெசிந்தா முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ஐரின் ஓடிவந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ரொம்ப நேரம் முகத்தை எடுக்கவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி நடையின் காற்றை ஒரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். விசில் சத்தம் இல்லாமல் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அன்று திங்கட்கிழமை.

"அம்மா, இங்க ஒண்ணுமே மணக்கல" என்றாள். "நீ மட்டும்தான் மணக்குற."

பின்னால் பெட்டியோடு நின்ற கோமதிநாயகம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் சட்டைக் காலரை மெல்ல இழுத்து முகர்ந்து பார்த்தார்.